படிக்கட்டு டப்பா

ஜூலை 8

அன்புள்ள அண்ணா,

உறை கனமாக இருக்கிறதே, தின்பதற்கு ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். ஏமாந்தாயா! எல்லாம் வெறும் காகிதம். என் பிளாகில் இதுவரை எழுதியதையெல்லாம் கல்லூரி பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ அணைக்கட்டு உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் ஏறியதா இறங்கியதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். சிக்னல் கிடையாது, நெட் கிடையாது, வாரத்துக்கு ஒரு ஜீப்தான். முகம் தெரியாதவர்கள் எல்லாம் படிக்கிறார்கள், சொந்த அண்ணன் படிக்கவில்லை என்றால் எனக்கு என்ன மரியாதை?

பிளாக் பெயர் 'ரப்பர் தூள்'. அழித்து அழித்து வரைந்த பிறகு மேஜையில் மிஞ்சுமே, அது. என் பெயரோ கல்லூரிப் பெயரோ எங்கேயும் இல்லை. இங்கே யாருக்கும் தெரியாது.

டிசைன் படிக்கப் போனவள் எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்பாய். வகுப்பில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது அண்ணா. எழுதினால் வருகிறது. ஒரு கோட்டை ஏன் இப்படிப் போட்டேன் என்பதே எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது. சொதப்பியதைப் போட்டால் எங்கேயோ இருக்கிற ஒருவர், "கீலை உள்பக்கம் வைத்துப் பாருங்கள்" என்கிறார். வைத்துப் பார்த்தால் சரியாக வருகிறது. அறையில் கூட இருந்தவள் வேறு விடுதிக்குப் போய்விட்டாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் குழாய்கள்தான். ராத்திரியில் எனக்குப் பேச்சுத்துணை இதுதான்.

கெடுதலும் இருக்கிறது, மறைக்கவில்லை. படத்தில் எப்படி விழும் என்று பார்த்தே வரைய ஆரம்பித்துவிட்டேன். போன மாதம் ஒரு ஸ்டூல் செய்தேன். படத்தில் அவ்வளவு அழகு. ஆளாளுக்குப் பாராட்டினார்கள். உட்கார்ந்தால் ஆடுகிறது! படிக்கிறவர்கள் யாரும் உட்காரப் போவதில்லையே, தப்பித்தேன். ஆனால் யாரும் எதுவும் சொல்லாத நாளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

'அளவுகோல் சார்' பற்றிய பக்கங்களை முதலில் படி. அது எங்கள் மேடம்தான். தெரிந்துவிடக் கூடாது என்று சாராக மாற்றி, ஒரு மீசையும் வைத்துவிட்டேன். மயிரிழை தப்பினாலும் "மறுபடியும்" என்று ஒரே வார்த்தை, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மதியம் மற்ற ஆசிரியர்கள் கூடிச் சாப்பிடுகிற நேரத்தில், பின்படிக்கட்டில் போய்த் தனியாக உட்காருவார். ஒர்க்‌ஷாப் ஜன்னலிலிருந்து நேராகத் தெரியும். மடியில் டப்பா, கக்கத்தில் மூடி, காதில் போன். போனில் ஒரு வார்த்தை பேச மாட்டார் அண்ணா! யாராவது அந்தப் பக்கம் வந்தால் மட்டும் "ம்... ம்..." என்பார். 'அளவுகோல் சாருக்கு போன் செய்யக்கூட ஆளில்லை, போனுக்குத்தான் அவர் துணை' என்று எழுதினேன். அதற்குத்தான் சிரிப்பான சிரிப்பு.

அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு சாப்பாட்டு டப்பா வரைந்தேன். வழுக்காமல் மடியில் உட்காரும், மூடியே ஒரு சின்னத் தட்டாக விரியும். 'படிக்கட்டு டப்பா' என்று பெயர். 'சும்மா படிக்கிறவள்' என்று ஒரு வாசகி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது எழுதுவார். அந்தப் பக்கத்தின் கீழே அவர் எழுதியிருப்பதைப் பார்: "நானும் பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். உலகத்தில் இன்னொருவரும் இருக்கிறார் என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது." என் வாசகர்களிலேயே எனக்குப் பிடித்தவர் இவர்தான்.

படித்துவிட்டு எழுது. நல்லதாக எழுது.

உன்,
வாலு

* * *

ஜூலை 25

வாலு,

உன் காகித மூட்டை வந்தது. "வீட்ல ஏதாவது கேஸ் நடக்குதா சார்?" என்று ஜீப் டிரைவர் கேட்டார்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இங்கே வேறென்ன வெட்டி முறிக்கிறேன்? சமையல்காரரை மாற்றிவிட்டார்கள், பதிலுக்கு ஆள் போடவில்லை. ஸ்டூல் விஷயத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அறை ரொம்ப அமைதியாகிவிட்டது. எழுந்துபோய் நீர்மட்டம் பார்த்துவிட்டு வந்தேன்.

நல்லதாக எழுதச் சொல்கிறாய். நன்றாகத்தான் எழுதுகிறாய். அதுதான் பிரச்சினையே.

'மலை அண்ணன்' என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். காலையில் நான் நீர்மட்டக் கம்பத்துக்கு வணக்கம் சொல்கிறேன் என்று. அது நான் விடுமுறையில் வந்தபோது உன்னிடம் சொன்னது. அம்மா போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று கிளம்பினோமே, அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னிடம் மட்டும் சொன்னது. கீழே யாரோ 'பாவம், கல்யாணம் பண்ணி வைங்க' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த மேடம் விஷயமும் பிடிக்கவில்லை. இங்கே நான் சாப்பிடும்போது வயர்லெஸ்ஸைப் போட்டு வைத்துக்கொள்கிறேன். கொரகொரவென்று சத்தம்தான் வரும், பேச்சு வராது. ஆனாலும் போட்டு வைக்கிறேன். இதற்கும் நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் எழுதிக்கொள்.

இன்னொன்று. இந்த மூட்டை முழுக்க ஊருக்கு எழுதியது. எனக்கு எழுதியது மேலே இருந்த ஒரே ஒரு கடிதம், அதிலும் பாதி பிளாக் புராணம். நீ சாப்பிடுகிறாயா, இருமல் போயிற்றா, ஒன்றும் தெரியவில்லை. பந்தி முடிந்ததும் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம்.

அண்ணன்

* * *

ஆகஸ்ட் 19

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். 'மலை அண்ணன்' பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றதற்கு உனக்கு வீம்பாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வசமாக மாட்டிக்கொண்டேன் அண்ணா.

பருவத்தின் கடைசியில் ஜூரி என்று ஒன்று உண்டு. செய்த வேலையைச் சுவரில் மாட்டி, முன்னால் நின்று பேச வேண்டும். மூன்று ஆசிரியர்கள் கேள்வி கேட்பார்கள். நான் படிக்கட்டு டப்பாவைத்தான் வைத்தேன். பிளாகில் ஏற்கெனவே போட்டதாயிற்றே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இங்கே யார் அதைப் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

மேடம் வரைபடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். நல்ல வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இது உன் ஐடியாவா?" என்றார்.

"ஆமா மேடம்."

"பொய் சொல்லாத. 'ரப்பர் தூள்'னு ஒரு பிளாக் இருக்கு. இந்த டப்பா அப்படியே அதுல வந்திருக்கு. நான் வாராவாரம் படிக்கிறேன், ஞாயித்துக்கிழமை ஆனா கமெண்ட் போடுறேன். அடுத்தவ உழைப்ப இப்படித் தூக்கிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு வெட்கமா இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை என்றதும் புரிந்துவிட்டது அண்ணா. சும்மா படிக்கிறவள் மேடம்தான். படிக்கட்டில் பேசாத போனை வைத்துக்கொண்டு, உலகத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்று நிம்மதிப்பட்டது மேடம்தான். அந்த இன்னொருவரும் அவரேதான்! மீசை ஒட்டியதால் அவருக்கே அவரைத் தெரியவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "அது வந்து மேடம், அது..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

மற்ற இருவரிடமும் அவர் திரும்பிச் சொன்னார்: "அந்தப் பொண்ணோட எழுத்து எனக்குத் தெரியும் சார். தனியா இருக்கிறவங்கள அவ்வளவு நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கா. இவளால ஒரு வாக்கியம் அப்படி எழுத முடியாது." என் முகத்துக்கு நேராக, எனக்காக என்னிடமே சண்டை போடுகிறார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மாதக் கடைசிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். காப்பிதான் என்று முடிவானால் ஒரு வருஷம் வெளியே அனுப்பிவிடுவார்கள். விடுதியும் போய்விடும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் நான் போய் என்ன செய்வேன்?

பிளாக் என்னுடையது என்று நிரூபிப்பது இரண்டு நிமிஷ வேலை. திறந்து காட்டினால் போதும். ஆனால் காட்டிய அடுத்த நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிடும், அந்த மீசைக்காரர் யார், எந்தப் படிக்கட்டு, எந்த ஜன்னல், எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதெல்லாம்.

என்ன செய்யட்டும் அண்ணா? உடனே எழுது. இருமல் போய்விட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

வாலு

* * *

ஆகஸ்ட் 27

வாலு,

ஜீப் டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

முதலில் சாப்பிடு. அப்புறம் மற்றது.

ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நல்லவளாக வீட்டுக்குப் போகலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் கண்ணாடியை நான் உடைத்தபோது நீதான் அடி வாங்கினாய். அந்த வேலையெல்லாம் இங்கே வேண்டாம். நீ செய்தது உன்னுடையது என்று சொல்.

ஆனால் விளக்கம் என்று எழுதி ஆபீஸில் கொடுக்காதே. அது நாலு மேஜைக்குப் போகும், நாலு பேர் படித்துச் சிரித்த பிறகுதான் அவரிடம் வரும். நேராக அவரிடம் போ. அவர் தனியாக இருக்கும்போது போ. யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அவர் திட்டுவார். திட்டட்டும். நின்று கேட்டுக்கொள்.

போன கடிதத்தில் நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. டிரைவர் இறங்கியே வந்துவிட்டார்.

அண்ணன்

* * *

செப்டம்பர் 6

அண்ணா,

உன் கடிதம் வரும் முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே தனியாகத்தான் போனேன்.

ஜூரிக்குப் பிறகு நான் பிளாகில் எதுவும் எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா படிக்கிறவள் எழுதியிருந்தார்: "ஏன் நிறுத்திவிட்டாய்? உடம்புக்கு ஒன்றுமில்லையே? எங்கள் கல்லூரியில் ஒருத்தி உன் டப்பாவைத் திருடிக்கொண்டு வந்தாள். நான் விடவில்லை. உனக்கு ஆளிருக்கிறது, தைரியமாக எழுது." அதைப் படித்த பிறகு என்னால் அறையில் உட்கார முடியவில்லை. மறுநாள் சாயங்காலமே அவர் அறைக்குப் போய்விட்டேன்.

வரைபடங்கள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மேடம், ரப்பர் தூள் நான்தான்."

"ஓ, இப்ப பிளாகும் உன்னுதாயிடுச்சா?" என்று சிரித்தார்.

நான் அவர் கணினியிலேயே திறந்து காட்டினேன். இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த பக்கங்கள், பாதியில் விட்ட டப்பா வரைபடங்கள் எல்லாம் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் அவர் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது அண்ணா, சத்தியமாக. "அட, நீயா! நம்ம வகுப்புலயே இருந்துட்டு..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து ஒர்க்‌ஷாப் தெரியும்.

"அப்ப அந்த மீச வச்ச ஆளு..."

"நீங்கதான் மேடம்."

அவர் மேஜைமேல் இருந்த போனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பையை மூடினார். நீ சொன்ன திட்டு வரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"டப்பா உன்னுதுதான்னு நான் எழுதிக் குடுத்துடறேன். நீ போலாம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார். இரண்டு நாளில் கடிதம் வந்தது. நான் காப்பியடிக்கவில்லை என்று முடிவாகிவிட்டது. வருஷம் பிழைத்தது, விடுதி பிழைத்தது. வகுப்பில் இருந்தவர்கள் கைகுலுக்கினார்கள். எல்லோரும் இப்போது பிளாகைப் படிக்கிறார்களாம்.

அளவுகோல் சார் பக்கங்கள் அத்தனையையும் அன்றைக்கே அழித்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? படிக்க வேண்டியவர் படித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தது, கமெண்ட் வரவில்லை. மதியம் ஒர்க்‌ஷாப் ஜன்னலில் நின்று பார்த்தேன். படிக்கட்டு காலி. அடுத்த நாளும் காலி. அவர் எங்கே சாப்பிடுகிறார் என்றே தெரியவில்லை அண்ணா. அவருக்கு இருந்தது அந்த ஒரே இடம். அதை நான் பிடுங்கிக்கொண்டேன். பாஸாகிவிட்டாயே என்று யாராவது கைகொடுக்க வந்தால் ஒதுங்கிப் போய்விடுகிறேன்.

வாலு

* * *

செப்டம்பர் 22

வாலு,

கடிதத்தை வெளியே கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். வெளிச்சம் போகும்வரை நின்றிருந்தேன்.

உனக்குச் சொல்ல ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதலாம். சரியாகுமா என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை.

நீ அனுப்பிய பிரிண்டையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். ஸ்டூல் பக்கத்தை மட்டும் வைத்திருக்கிறேன், சிரிப்பு வேண்டுமே. இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். இங்கே வந்த நாளிலிருந்து நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான் என்று தோன்றியது. வருத்தப்பட்டு எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

சமையலுக்கு ஆள் இன்னும் போடவில்லை. வயர்லெஸ் பழுது. இப்போது சத்தமே இல்லாமல் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்

* * *

அக்டோபர் 14

அண்ணா,

ஜன்னலில் நின்று காலிப் படிக்கட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. ஒருநாள் மதியம் நானே போய் அங்கே உட்கார்ந்தேன். அட்டையில் செய்து பார்த்த டப்பாவில் சாப்பாட்டை வைத்து மடியில் வைத்தேன். மூன்றாவது வாய் எடுப்பதற்குள் வழுக்கி விழுந்து பாவாடை முழுக்கக் குழம்பு! வழுக்கவே வழுக்காது என்று பிளாகில் மார்தட்டிய டப்பா. ஸ்டூலுக்குத் தம்பி.

ஆனாலும் தினமும் போனேன். யாரும் வரவில்லை. அங்கே சுவர் சில்லென்று இருக்கும், மேலே மொட்டைமாடிக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். யாராவது கீழே நடந்து போனால் கை தானாகப் போனைத் தேடுகிறது. இரண்டாவது வாரத்தில் நானும் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன் அண்ணா. வைத்துக்கொண்டு, "ம்" என்றேன். அன்றைக்கு அழுதுவிட்டேன்.

நேற்று மேடம் வந்தார். கையில் டப்பாப் பை. என்னைப் பார்த்ததும் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அங்க வெயில் அடிக்கும். இந்தப் பக்கம் தள்ளி உக்காரு," என்றார்.

எனக்கு மேலே நாலைந்து படி தள்ளி உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துவிட்டுக் கையை நீட்டினார். எழுந்துபோய் அட்டை டப்பாவைக் கொடுத்தேன். தன் மடியில் வைத்தார். வழுக்கியது. பிடித்துக்கொண்டார். மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது.

"என் இடது கால் எப்பவும் கீழ்ப் படிலதான் இருக்கும். முட்டி வலி, மடக்க முடியாது. மடி ஒரு பக்கம் சரிவாத்தான் இருக்கும். ஜன்னல்லேருந்து அது தெரியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத்தன நாள் பாத்துட்டே இருந்திருக்க. ஒரு தடவ வந்து கேட்டிருக்கலாமே," என்றார்.

குரலில் கோபமே இல்லை அண்ணா. டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். இரண்டு வருஷமாக அவர் வகுப்பில் இருக்கிறேன், நேற்றுதான் பார்த்தேன். இன்றைக்கு அவர் வரவில்லை. நாளைக்கு வருவாரா என்று தெரியாது. நான் போவேன்.

இதைப் பிளாகில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். இது உனக்கு மட்டும்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. நீ தனியாகச் சாப்பிடும்போது எங்கே உட்காருவாய்? தட்டு மடியிலா, தரையிலா? எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாய்? இடது கை அப்போது என்ன செய்துகொண்டிருக்கும்? எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது. உனக்கு ஒன்று வரையலாம் என்றிருக்கிறேன். உன் பதில் வரும்வரை பென்சிலைத் தொடமாட்டேன்.

வாலு